கூலியும் பறியும்

(எர்ணாகுளம் மாவட்டம், மட்டாஞ்சேரியில் தமிழன்பர்கள் கூடிய சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பறித்தல். ஆங்கிலேயர் 'எக்ஸ்டார்ஷன்' என்று பெயரிட்டு நம் தண்டனைச் சட்டத்தில் எழுதிவைத்ததும், நம்மவர் பணப்பறிப்பு என்றும் மிரட்டிப் பறித்தல் என்றும் வழங்குவதும், நீங்கள் நாள்தோறும் கேட்கும் மலையாளத்தில் பிடிச்சுபறி என்ற சொல்லால் நினைவூட்டப்படுவதுமாகிய அந்தக் குற்றத்தின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, எந்தெந்த வேஷம் பூண்டு நம்மிடையே நடமாடுகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே ஆராய்வோம். இதை எந்த ஊரிலும் பேசலாம். ஆயினும், ஐந்நூறு ஆண்டுகளாக உலகத்துக் கப்பல்களெல்லாம் நாடி வந்த இந்தக் கரையில் நின்று பேசும்போது, உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்ற சௌகரியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். லத்தீன் மொழியில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'தார்க்குவேரே' என்றால் முறுக்குதல். ஒருவனை முறுக்கி அவனிடமிருந்து வெளியே எடுப்பதுதான் எக்ஸ்டார்ஷன். சித்திரவதையைக் குறிக்கும் 'டார்ச்சர்' என்ற சொல்லும் அந்த வேரிலேயே முளைத்தது. இது வெறும் அகராதிச் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிப்பதற்காகக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்ற கூக்குரல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு வரைக்கும் எட்டியபின், அதை விசாரிக்க அமைத்த கமிஷன் 1855-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையைப் புரட்டினால் இரண்டு தமிழ்ச் சொற்கள் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். ஒன்று கிட்டி, விரல்களை இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள், மனிதனைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணித்து அப்படியே நிறுத்திவைப்பது. லத்தீன்காரன் சொல்லாக வைத்திருந்ததை, நம் ஊர்த் தாலூகாக் கச்சேரியின் வாசலில் கருவியாகவே வைத்திருந்தார்கள்!

விரலை நெரித்தால்தான் பறித்தலா? மெக்காலே தலைமையில் 1837-இல் எழுதி முடிக்கப்பெற்று, 1860-இல் சட்டமாகி, 1862-ஆம் ஆண்டின் முதல் நாளிலே அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 383-ஆம் பிரிவு, ஒருவனை வேண்டுமென்றே ஏதேனும் ஒரு தீங்கு நேரும் என்ற பயத்தில் ஆழ்த்தி, அந்தப் பயத்தின் காரணமாக அவன் பொருளையோ பத்திரத்தையோ ஒப்படைக்கும்படி நேர்மையின்றித் தூண்டுவதே பறித்தல் என்று வரையறுத்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையிலும், பிரிவு எண் 308 என்று மாறியதே அன்றி, வரையறையின் உயிர் மாறவில்லை. பழைய சட்டம் தரும் உதாரணங்களையும் கேளுங்கள். பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்கிறான் ஒருவன். கடன் பத்திரத்தில் கையெழுத்திடாவிட்டால் உன் குழந்தையை அடைத்துவைப்பேன் என்கிறான் மற்றொருவன். விளைச்சலைக் கொடுப்பதாக எழுதித் தராவிட்டால் தடியாட்களை அனுப்பி உன் வயலை உழுதுவிடுவேன் என்கிறான் இன்னொருவன். இவர்களில் எவனும் இன்னும் எவர்மேலும் கை வைக்கவில்லை. எனினும் மூவரும் குற்றவாளிகளே.

திருட்டுக்கும் இதற்கும் உள்ள பேதத்தை இங்கே கவனிக்க வேண்டும். திருடன் நாம் அறியாமலோ சம்மதியாமலோ எடுத்துப் போகிறான். எடுத்த கை அவனுடையது. பறிப்பவனோ நம் கையாலேயே நம் பெட்டியைத் திறக்கவைத்து, நம் கையாலேயே எண்ணிக் கொடுக்கவைத்து, 'தாமாகத்தானே தந்தார்' என்று ஊரறியச் சொல்லவும் துணிகிறான். திருட்டுக் கொடுத்தவன் மறுநாள் தெருவில் நின்று அழுகிறான். பறிகொடுத்தவன் அதை அயலாரிடம் சொல்லவும் வெட்கப்படுகிறான். பொருளைப் பறிப்பதற்கு முன்னால் சம்மதத்தைப் பறித்துவிடுவதுதான் இந்தக் குற்றத்தின் விசேஷம்.

ஆகையால், ஒரு தொகை கேட்கப்படும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கும்படி நான் உங்களை வேண்டிக்கொள்கிறேன். கேட்பவன் எனக்கு என்ன செய்தான்? மறுப்பதற்கு எனக்குச் சுதந்திரம் உண்டா? மறுத்தால் வரும் தீங்கு கேட்பவனுடைய கையிலிருந்தே வருமா? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சரித்திரத்துக்குள் நுழைவோம்.

அன்பர்களே, பறித்தல் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவன் யார்? மீசை முறுக்கி, அரிவாள் தூக்கிய ரௌடி. ஆனால் ஆங்கிலச் சட்டம் முதன்முதலில் இந்தப் பெயரால் சுட்டிக்காட்டிய குற்றவாளி ரௌடி அல்லன், உத்தியோகஸ்தன்! 1275-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னன் காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், ஷெரீப் முதலிய அரச ஊழியர்கள் தம் கடமையைச் செய்வதற்காகக் குடிகளிடம் பணம் வாங்கலாகாது என்று விலக்கிற்று. பதவியின் பெயரைச் சொல்லி, வரவேண்டாத தொகையைப் பெறுவதே பல நூற்றாண்டுகள் அந்நாட்டில் எக்ஸ்டார்ஷன் என்ற சொல்லுக்குப் பொருளாக நின்றது. தெருவில் மிரட்டுபவனுக்கு அந்தப் பெயர் விரிந்தது பிற்காலத்தில்தான்.

இதை நமக்கு ஆங்கிலேயர் வந்துதான் சொல்ல வேண்டியிருந்ததா? இல்லை. திருவள்ளுவர் கொடுங்கோன்மை என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதிலே, வழியில் வேலேந்தி நின்று மறிக்கும் கள்வனையும், செங்கோலேந்தி நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனையும் ஒரே தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார். அரசன் கேட்பது மிரட்டலைப் போன்று இருக்கவே இருக்காது. குரல் தாழ்ந்திருக்கும், வார்த்தை இனிமையாயிருக்கும், வேண்டுகோள் போலவே தோன்றும். ஆயினும் கேட்பவன் கையில் கோல் இருக்கும் வரையில் கேட்கப்பட்டவனுக்கு மறுக்கும் சுதந்திரம் இல்லையே! நம்முடைய இரண்டாவது கேள்வி திருவள்ளுவர் காலத்துப் பழமையுடையது என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். அதைக் கேட்க மறந்துவிட்டோமே என்று வருத்தமும் படலாம்.

இனி, இந்தக் குற்றம் பூணும் வேஷங்களைப் பார்ப்போம். பறிப்பவன் எக்காலத்திலும் 'நான் பறிக்கிறேன்' என்று சொல்வதில்லை. நியாயமாகக் கொடுக்கவேண்டிய ஏதோ ஒரு கடனின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டுதான் அவன் வீட்டு வாசலுக்கு வருகிறான். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் கொள்ளைக் கூட்டத்தார், 'எங்களுக்கு இவ்வளவு கொடுத்தால் உங்கள் மாடுகள் பத்திரமாயிருக்கும்' என்று குடியானவரிடம் வாங்கிய பணத்துக்கு 'பிளாக்மெயில்' என்று பெயர். அந்த 'மெயில்' தபால் அன்று. ஸ்காட்லாந்து வழக்கில் அதற்கு வாடகை என்று பொருள். கொள்ளைக்காரன் வாடகை என்றான்! மராட்டியப் படைகள் அயல்நாட்டு வருவாயில் நாலில் ஒரு பங்கைச் 'சௌத்' என்று வாங்கின. படை உள்ளே புகாமலிருப்பதற்கு அது விலையாயிற்று. நம் தென்பாண்டி நாட்டிலே, ஊர்க்காவல் திசைகாவல் என்ற பெயர்களால் பாளையக்காரரும் காவல்காரரும் பெற்றுவந்த வரும்படிகள் தொடக்கத்தில் உண்மையாகவே காவலுக்கு ஈடாக ஏற்பட்டவைதாம். காலப்போக்கில், காவல் பணம் கொடாத ஊரில்தான் மாடு காணாமற்போகும் என்ற நிலைமை பல இடங்களில் உண்டாயிற்று. காணாமற்போன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்கு ஒரு கூலி கேட்டார்கள். துப்புக்கூலி என்பது அதன் பெயர். மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று துப்புச் சொல்பவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை! மாமூல் என்கிறோமே, அந்த அரபுச் சொல்லுக்கு வழக்கம் என்பதே பொருள். நேற்று வாங்கினான், அதனால் இன்றும் வாங்குகிறான் என்பதற்கு மேல் அதில் நியாயம் ஒன்றுமில்லை.

வாடகை, பங்கு, காவல், கூலி, வழக்கம். எத்தனை கண்ணியமான பெயர்கள் பாருங்கள்! ஆதலால் பெயரை நம்பாதீர்கள். நம் மூன்று கேள்விகளை நம்புங்கள்.

இப்பொழுது இந்த ஊருக்கே வருவோம். போர்த்துகீசியர் இந்தக் கரைக்கு வந்து 1503-இல் கொச்சியிலே கோட்டை கட்டினார்கள். 1530-இல் கோவாவுக்கு மாறும்வரை அவர்கள் ஆட்சிக்கு இதுவே தலைமையிடமாயிருந்தது. அரபிக்கடல் அதுவரை எவனுக்கும் சொந்தமில்லாதது. குஜராத்தியும் அரபியும் மலபாரியும் தமிழனும் எவரிடமும் சீட்டு வாங்காமல் பாய்விரித்துச் சென்ற கடல் அது. வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கடலில் செல்லும் ஒவ்வொரு மரக்கலமும் தங்களிடம் 'கார்ட்டாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றார்கள். கப்பலின் பெயர், தலைவன் பெயர், சரக்கு, போகும் துறை யாவும் அதில் எழுதியிருக்கும். போகும் வழியில் அவர்கள் கோட்டையுள்ள துறையில் நின்று சுங்கம் செலுத்தவும் வேண்டும். சீட்டில்லாத கப்பல் பிடிபட்டால் சரக்கு பறிமுதல். சில வேளைகளில் கப்பலுக்கே நெருப்பு. கேள்விகளைக் கேளுங்கள். அவன் எனக்கு என்ன செய்தான்? கடலை அவன் வெட்டினானா, காற்றை அவன் வீசச் செய்தானா? மறுக்கச் சுதந்திரம் உண்டா? 1502-இல் மக்காவிலிருந்து யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு திரும்பிய கப்பலை வாஸ்கோ ட காமா ஆட்களோடு எரித்த செய்தி கரை முழுதும் பரவியிருந்தபோது, எவன் மறுப்பான்? தீங்கு யார் கையிலிருந்து வரும்? சீட்டு விற்பவனுடைய பீரங்கியிலிருந்தே வரும். கடற்கொள்ளையிலிருந்து பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னார்கள். வணிகன் பெரிதும் அஞ்சிய கடற்கொள்ளைக்காரன் அந்தச் சீட்டை விற்றவனே! அந்தக் காமா 1524-இல் இந்தக் கொச்சியிலேயே இறந்தான். அவனை முதலில் அடக்கம் செய்த இடத்தைக் கோட்டைக் கொச்சித் தேவாலயமொன்றில் இன்றும் காணலாம். நாம் கூடியிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனையையும், ஆலயம் ஒன்றைச் சூறையாடியதால் மனம் புண்பட்ட கொச்சி மன்னரைச் சமாதானம் செய்யப் போர்த்துகீசியர்தாம் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். பறித்தவன் ஒரு பங்கைப் பரிசாகத் திருப்பிக் கொடுப்பதும் பழைய வழக்கந்தான்.

பீரங்கி போயிற்று, மன்னர்கள் போனார்கள், துறைமுகம் நவீனமாயிற்று. ஆனால் முறுக்குதல் போயிற்றா? இந்த ஊர்ப் பெரியவர்கள் 'சாப்பா' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் முகம் சிவப்பார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு விடியற்காலையிலே ஆயிரக்கணக்கானோர் வந்து காத்துநிற்க, மூப்பன் என்பவன் சாப்பா என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டு, எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் இதைப் பறித்தல் என்று வழக்குத் தொடுக்க இயலாமற்போகலாம். ஆனால் ஒரு மனிதனுடைய பசியைப் பிடித்து முறுக்கி, அவன் உழைப்பைச் சொன்ன விலைக்கு வாங்குவது வேறென்ன? இதை எதிர்த்துத் தொழிலாளர் தொடுத்த நெடிய வேலைநிறுத்தத்தின்போது, 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் இந்த மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர்; போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. அந்தத் தியாகத்துக்குப் பிறகே, வேலையை வரிசைப்படி பகிர்ந்து தரும் முறையும், வேலைக்கு ஒரு பாதுகாப்பும் இந்தத் துறைமுகத்தில் வேரூன்றின. தொழிற்சங்கம் என்ற அமைப்பு இந்த நாட்டுக்குச் செய்த நன்மைகளில் சாப்பாவை ஒழித்தது சிரேஷ்டமானது என்பதை நான் தலைவணங்கிச் சொல்கிறேன்.

தலைவணங்கிச் சொல்வதனாலேயே, அடுத்ததையும் சொல்ல எனக்கு உரிமை உண்டாகிறது. சாப்பாவை ஒழித்த அதே கேரளத்தில், 'நோக்குகூலி' என்ற ஒன்று எப்படி வளர்ந்தது? வீடு கட்டுகிறவன் செங்கல்லும் இரும்பும் கொண்டுவருகிறான். கடைக்காரன் தன் ஆட்களைக் கொண்டு மூட்டை இறக்குகிறான். எந்திரம் வந்து பெரும்பாரத்தைத் தூக்கிவைக்கிறது. அந்தப் பக்கத்தில் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் சிலர் அங்கே வந்து நிற்கிறார்கள். ஒரு மூட்டையும் தொடுவதில்லை. நோக்கி நின்றதற்குக் கூலி கேட்கிறார்கள். 2021 செப்டம்பரில், தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வந்த கனரக எந்திரத்தைச் சிலர் வழிமறித்துப் பத்து லட்சம் ரூபாய் கேட்டதாகச் செய்தி வெளியானபோது நாடே திகைத்தது. கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு என்ன செய்தான்? பார்த்தான்! மறுக்கலாமா? மறுத்தால் லாரி நகராது. தீங்கு யாரால் வரும்? கேட்பவனால்தான் வரும். மூன்று கேள்விக்கும் ஒரே விடை கிடைத்தபின், கூலி என்ற பெயர் எதற்கு?

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்பதுதான் தர்மம். முதுகு தேயச் சுமந்தே வாழ்ந்தவன், எந்திரம் வந்து தன் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து நிற்கிறான்; இந்த எல்லைக்குள் நடக்கும் வேலை தன்னுடையது என்று எண்ணுகிறான். அந்தத் துயரம் மெய்யானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தத் துயரத்துக்கு மருந்தாகவே 'கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், 1978' வந்தது. அதன்படி நலநிதி வாரியமும் வந்தது. வீட்டுக் காரியத்துக்காகத் தனிமனிதர் அமர்த்திக்கொள்ளும் ஆளை அந்தச் சட்டமே தன் வரையறையிலிருந்து விலக்கிவைத்தது. போன வேலைக்கு ஈடு வேண்டுமானால் அரசாங்கத்தைக் கேட்கலாம், வாரியத்தைக் கேட்கலாம், சட்டசபையைக் கேட்கலாம். முதல்முறையாக ஒரு சிறு வீடு கட்டும் பள்ளி ஆசிரியரின் வாசலில் நாலுபேர் நின்று கேட்பது எப்படி நியாயமாகும்? மூப்பன் கையிலிருந்து பிடுங்கி எறிந்த கோலைத் தொழிலாளி தானே ஏந்திக்கொள்வது, மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதையாகுமா?

இதை உணர்ந்துதான், தொழிற்சங்கத் தலைவர்களின் உடன்பாட்டோடு, 2018 மே தினத்திலிருந்து நோக்குகூலி கூடாது என்று கேரள அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பு வந்தும் வழக்கம் தொடர்ந்ததனால், 2021-இல் இந்த எர்ணாகுளத்திலேயுள்ள உயர்நீதிமன்றம், நோக்குகூலி கேட்பவர்மேல் பணப்பறிப்புக் குற்றத்துக்குரிய பிரிவுகளில் வழக்குப் பதிய வேண்டும் என்று போலீஸ் துறைக்குக் கட்டளையிட்டது. அந்தக் கட்டளையின் மகத்துவம் எதில் இருக்கிறது? வாடகை என்றும் காவல் என்றும் வழக்கம் என்றும் கூலி என்றும் காலமெல்லாம் ஒளிந்து வந்த ஒரு குற்றத்தை, நீதிபீடம் அதன் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில் இருக்கிறது.

இனி வாசலுக்கு வரவும் வேண்டாத பறிப்பொன்று வந்திருக்கிறது. தொலைபேசி மணி அடிக்கிறது. போலீஸ் அதிகாரி என்றும் சுங்க அதிகாரி என்றும் ஒருவன் படத்தில் தோன்றி, உன் பேரில் வழக்கு இருக்கிறது, இந்த அறையை விட்டு நகராதே, பணத்தை இன்ன கணக்குக்கு அனுப்பு என்கிறான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. கைபேசிச் செயலி மூலம் சில ஆயிரம் கடன் கொடுத்தவன், படத்தைத் திரித்து உறவினருக்கெல்லாம் அனுப்புவேன் என்கிறான். அவதூறு வெளியிடுவேன் என்று மிரட்டுபவனை 1860-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் உதாரணமாக வைத்ததை நினைத்துப் பாருங்கள். கருவி புதிது, குற்றம் பழையது. இங்கும் பதவியின் வேஷம்தான், இங்கும் கடனின் பெயர்தான்.

சபையோர்களே, முடிவாகச் சில வார்த்தைகள். பறித்தல் இருவர் சேர்ந்து நடத்தும் நாடகம் என்று சொல்ல மாட்டேன்; பயந்தவனைக் குற்றவாளிக்குச் சமமாக வைப்பது பாவம். ஆயினும், 'கொடுத்துத் தொலைத்தால் வேலை முடியும்' என்று வசதியுள்ளவன் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், வசதியில்லாதவன் வாசலில் அதுவே விலையாக நிலைத்துவிடுகிறது என்பதை, பஜாரில் பெயரும் செல்வமும் பெற்ற நீங்கள் மறக்கலாகாது. கொடுக்கவேண்டியதைத் தாமதித்துவிட்டுப் பறிப்பைப் பற்றிப் புலம்பும் யோக்கியதையும் நமக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இரண்டே. மூட்டை சுமந்தவனுடைய கூலியை அன்றைய பொழுது சாய்வதற்குள், ஒரு காசும் குறையாமல் கொடுத்துவிடுங்கள். சுமக்காத மூட்டைக்குக் கூலி கேட்பவன் யாராயிருந்தாலும், காக்கியோ கதரோ கொடியோ எதை அணிந்து வந்தாலும், நாளும் நேரமும் குறித்துப் போலீஸ் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தனியாகப் போக அஞ்சினால், தெருவாகச் சேர்ந்து போங்கள். சட்டம் இருக்கிறது, நீதிமன்றத்தின் ஆணையும் இருக்கிறது. அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டியது புகார் எழுதும் கை ஒன்றே.